அப்பத்தாவை யாரும் கேட்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பத்தா பேச்சை எடுத்தாலே "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று நீ போனை வைத்துவிடுகிறாய். நானும் வற்புறுத்துவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பத்தா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த 11 நாளும் நீ அங்கிருந்து "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, விட்டுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உன் மேல் ஒரு குறையும் இல்லை. அப்பாவும் அதையேதான் சொன்னார். நான் மட்டும் ஒன்றை உங்கள் இருவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். மூச்சுக்கு டியூப் போடுவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு "வீட்டுக்குப் போயிருவோம்டி" என்றார். "நாளைக்குப் போகலாம் அத்தை" என்றேன். மறுநாள் வென்டிலேட்டர் போட்டார்கள். டியூபைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவரால் பேச முடியவில்லை. நர்ஸ் நீட்டிய தாளில் எல்லாம் நானும் அப்பாவும் மாறி மாறிக் கையெழுத்துப் போட்டோம். ஒன்றைக்கூட முழுசாகப் படிக்கவில்லை.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் நம் தெரு சமுதாயக் கூடத்தில் ஒரு இருபது பேர் உட்கார்ந்து பேசுகிறோம். ஆரம்பித்து வைத்தது, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வரும் நர்ஸ் பெண்தான். 2021-ல் வந்த அந்தத் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் கவனிப்பும் உண்டு. கேரளாவில் மலப்புறம் பக்கம் சாதாரண ஜனங்களே பயிற்சி எடுத்து, தீராத நோயில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறார்களாம். "நாமும் முதலில் பேசவாவது செய்வோமே" என்றாள்.

முதல் கூட்டத்திலேயே சண்டை. புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்லலாமா, கூடாதா? எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கூடாது என்று அடித்துச் சொன்னார். சம்சாரத்திடம் கடைசிவரை அல்சர் என்றே சொல்லி வைத்திருந்தாராம். அவர் மகள் எழுந்தாள். "அம்மாவுக்குத் தெரியும்ப்பா. நீங்க வருத்தப்படுவீங்கன்னு தெரியாத மாதிரி இருந்தாங்க. என்கிட்ட சொன்னாங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூடத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. வீட்டுக்கு வந்து நான் வெகுநேரம் அழுதேன்.

அடுத்த மாதம் கையெழுத்தைப் பற்றிப் பேசினோம். டெல்லியில் ஒரு பெண் பரிசோதனைக்காக மயக்க மருந்துக்குச் சம்மதித்திருக்கிறார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அவசரம் ஒன்றும் இல்லாதபோது, சுயமாக முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்குப் பதிலாக அம்மா சம்மதம் கொடுத்தது செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெற்ற அம்மாவின் கையெழுத்தே செல்லாது! நாங்கள் அப்பத்தாவுக்காக எத்தனை கையெழுத்துப் போட்டோம் தம்பி. முதல் 2 நாள் அவருக்கு நல்ல நினைவு இருந்தது. அவரிடம் கேட்டிருக்கலாம்.

எல்லாருக்கும் ஒரே பதில் என்று நான் சொல்லவில்லை. மும்பையில் அருணா ஷான்பாக் என்று ஒரு நர்ஸ். 1973-ல் தாக்கப்பட்டு நினைவு திரும்பாமலே கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவர் வழக்குப் போட்டபோது, கேஇஎம் மருத்துவமனையில் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸுகள் கூடாது என்றார்கள். 2011-ல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2015-ல் காலமாகும் வரை, 42 வருஷம் பார்த்துக்கொண்டார்கள். அதை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் அருணாவைக் கேட்க வழியே இருக்கவில்லை. நமக்கு வழி இருந்தது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். பதறாதே, என் உடம்புக்கு ஒன்றுமில்லை. பிழைக்க வாய்ப்பே இல்லாத நிலையில் என்னென்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததால் யாரும் பக்கத்தில் போகவில்லை. 2023-ல் எளிதாக்கிவிட்டார்கள். 2 சாட்சியும், நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபிசர் ஒருவரின் கையெழுத்தும் போதும். எழுதியதால் உடனே மெஷினை நிறுத்திவிட மாட்டார்கள். சிகிச்சை பார்க்கும் டாக்டரோடு இன்னும் 2 டாக்டர்கள் சேர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும், அதை இன்னொரு குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்காகப் பேசும் ஆளாக ஒருவருக்கு மேல் பெயர் கொடுக்கலாம்.

நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். வலிக்கு மருந்து வேண்டும், வாய் உலராமல் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டும், என் கையைக் கட்டக் கூடாது, முடிந்தால் நம் வீட்டுத் திண்ணை அறை. அப்பா இன்னும் படிக்க மாட்டேன் என்கிறார். அவரை அவசரப்படுத்தவில்லை. அக்கா படித்தாள், அழுதாள், சம்மதித்தாள்.

அக்கா பெயருக்குக் கீழே உன் பெயரையும் எழுத ஆசை. உன்னைக் கேட்காமல் எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அவசரமாக வைத்துவிடாதே. வேண்டாம் என்றாலும் சொல், ஏன் என்று கேட்டுக்கொள்கிறேன். உனக்கும் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். அதையும் சொல்லு ராசா.

அன்புடன்,
அம்மா