மேற்கோள் குறி தவறினால் பட்டியலே காலி

ஆசிரியருக்கு வணக்கம்.

விவரங்களைக் குறிச்சொற்களுக்குள் இட்டு வைக்கும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் ஆயிரக்கணக்கான நூல் விவரங்கள் இருக்கும். ஒருவருக்குக் கவிதை நூல்கள் மட்டும் போதும்; இன்னொருவருக்கு 2015க்குப் பின் வந்தவை வேண்டும். இதற்காக, கோப்பிலிருந்து பட்டியலை உருவாக்கும் கட்டளைகள் அடங்கிய ஸ்டைல்ஷீட்டைப் பல நகல்களாக எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பின்னால் ஒரு திருத்தம் வந்தால் அத்தனை நகலிலும் கை வைக்க வேண்டும். ஸ்டைல்ஷீட்டை எழுதும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில், 1999இல் வந்த 1.0 பதிப்பு முதலே வெளியிலிருந்து மதிப்பை அனுப்ப வழி இருக்கிறது. ஸ்டைல்ஷீட்டின் மேல்மட்டத்தில், எல்லா டெம்ப்ளேட்டுக்கும் (எதை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் பகுதிகள்) வெளியே, அந்த மதிப்பை ஏற்கும் பாராமீட்டரை அறிவித்தால் போதும். டெம்ப்ளேட்டுக்குள் அறிவித்தால் வெளியிலிருந்து அனுப்பும் மதிப்பு அதற்குப் போய்ச் சேராது.

பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது மேற்கோள் குறியில்தான். பாராமீட்டரின் இயல்பு மதிப்பைத் தரும் செலக்ட் பகுதியில் எழுதுவது எக்ஸ்பாத் கோவை, அதாவது கோப்பில் எதை எடுப்பது என்று சொல்லும் தொடர். அங்கே கவிதை என்று வெறுமனே எழுதினால் அது சொல்லாகாது. அந்தப் பெயரில் ஓர் எலிமென்ட்டை (குறிச்சொல்லிட்ட பகுதியை) கோப்பில் தேடும். அப்படி ஒன்று இல்லையென்றால் பிழைச் செய்தியும் வராது, பட்டியல் காலியாக வரும். இரட்டைக் குறிக்குள் ஒற்றைக் குறி போட்டால்தான் அது சொல். ஸ்டைல்ஷீட்டை இயக்கும் எக்ஸ்எஸ்எல்டிபிராக் கருவியிலும் இதே கதைதான்: பாராம் என்ற விருப்பம் மதிப்பைக் கோவையாக எடுக்கும், ஸ்ட்ரிங்பாராம் அப்படியே சொல்லாக எடுக்கும். சாதாரணச் சொற்களுக்குப் பின்னதே பாதுகாப்பு. பாராமீட்டரின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் கருவி சத்தமில்லாமல் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். எனவே வந்து சேர்ந்த மதிப்பை முதலில் ஒரு மெசேஜ் கட்டளையால் திரையில் அச்சிட்டுப் பாருங்கள்.

வடிகட்டும் நிபந்தனையை, டெம்ப்ளேட்டுகளை இயக்கும் அப்ளை டெம்ப்ளேட்ஸ் கட்டளையின் செலக்ட்டில், சதுர அடைப்புக்குள் வைக்க வேண்டும். டெம்ப்ளேட் எதற்கு உரியது என்று சொல்லும் மேட்ச் பகுதியில் பாராமீட்டரைப் பயன்படுத்த 1.0 அனுமதிக்காது, 2007இல் வந்த 2.0 அனுமதிக்கும்.

பல பதிவு எண்களைக் காற்புள்ளியிட்டு ஒரே மதிப்பாக அனுப்பும்போது, ஒன்றுக்குள் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்கும் கன்டெய்ன்ஸை மட்டும் வைத்துச் சோதித்தால், 12ஐக் கேட்டவருக்கு 1ஆம் பதிவும் 2ஆம் பதிவும் சேர்ந்தே வரும். பட்டியலின் இரு முனையிலும் காற்புள்ளி ஒட்டி, தேடும் எண்ணையும் காற்புள்ளிகளுக்கு நடுவே வைத்துத் தேடினால் இது நேராது. இடைவெளிகளை முன்பே நீக்கிவிட வேண்டும். 2.0இல் மதிப்பைத் துண்டுகளாகப் பிரிக்கும் டோக்கனைஸ் இருக்கிறது; ஆனால் அங்கே வேறொரு வம்பு: வகை சொல்லாத மதிப்புகளை எழுத்தாகவே ஒப்பிடும், 9 என்பது 10ஐவிடப் பெரிதாகிவிடும். பாராமீட்டரை எண் வகையாக அறிவித்தால் சரியாகும்.

தமிழ்ச் சொல்லை அனுப்புவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டாகவும் பதியலாம். கோப்பில் ஒரு விதமும் மதிப்பில் இன்னொரு விதமும் இருந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் பொருந்தாது. 2.0இல் நார்மலைஸ் யூனிகோட் செயல்கூறு இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள்: இத்தகைய நிரல் துணுக்குகளை வெளியிடும்போது நேரான மேற்கோள் குறிகளையே அச்சிடுங்கள். பக்க வடிவமைப்பில் அவை வளைந்த குறிகளாக மாறிவிட்டால், பார்த்துத் தட்டச்சு செய்பவரின் ஸ்டைல்ஷீட் முதல் வரியிலேயே நின்றுவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்