ஒஸ்லோ மரமும் உங்கள் படக்குறிப்பும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

மார்கழி இதழில் உலகின் அழகான பத்து நத்தார் (கிறிஸ்மஸ்) மரங்களை வரிசைப்படுத்தியிருந்தீர்கள். லண்டன் ட்ரபல்கர் சதுக்க மரத்துக்குப் பத்தாவது இடம். போகட்டும். ஆனால் படத்துக்குக் கீழே, ‘இந்த நோஞ்சானை அனுப்ப நோர்வேக்காரருக்கு வெட்கமாக இல்லையா?’ என்று ஒரு வரி. இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அந்த மரம் ஏன் வருகிறது என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? 1940இல் ஜெர்மன் படைகள் நோர்வேக்குள் புகுந்தபின் அரசர் ஏழாம் ஹாகோனும் அவருடைய அரசாங்கமும் லண்டனில்தான் வந்து இருந்தார்கள். ஊரில் ஜெர்மன்காரர் வானொலிப் பெட்டிகளைப் பறித்த பிறகும், ஒளித்து வைத்த பெட்டிகளில் சனங்கள் லண்டன் செய்தி கேட்டார்கள். அந்த நன்றிக்குத்தான் ஒஸ்லோ நகரம் 1947இலிருந்து வருடம் தவறாமல் மரம் அனுப்புகிறது. மரத்தடியில் உள்ள பலகையிலேயே இது எழுதியிருக்கிறது. உச்சியை அண்ணாந்து பார்த்துக் குறை கண்டுபிடித்த உங்கள் நிருபர் ஒருதரம் குனிந்தும் பார்த்திருக்கலாம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று எங்கள் வீடுகளில் சொல்லுவார்கள். உங்கள் அலுவலகத்தில் சொல்லுவதில்லைப்போலும்.

‘நோஞ்சான்’ என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டில் ஐம்பது அறுபது வருடம் நின்ற ஸ்ப்ரூஸ் மரம் அது. உயரம் 20 மீற்றருக்கு மேல். கார்த்திகையில் வெட்டி, கிளைகளை மடக்கிக் கட்டி, கடல் தாண்டிக் கொண்டுவந்து கிரேனால் தூக்கி நிறுத்துகிறார்கள். அவிழ்த்த அன்றே கிளை விரித்து நிற்க அது என்ன பிளாஸ்டிக்கா? விளக்குகளையும் நோர்வே வழக்கப்படி மேலிருந்து கீழாக நேரே தொங்கவிடுவார்கள், சுற்றிச் சுற்றிக் கட்டுவதில்லை. அதனால் கடை வாசல் மரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மெலிவாகத் தெரியும். 2020இல் நியூயோர்க் ரொக்கஃபெல்லர் மரத்தையும் வந்து இறங்கிய அன்று இப்படித்தான் நக்கலடித்தார்கள். கிளை இறங்கி விளக்கு ஏறியதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் கேள்விப்பட்டதை எழுதவில்லை. லண்டனுக்கு வந்த புதிதில் அந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தேன். மார்கழி பிறந்தால் சனத்தின் சப்பாத்துகளில் ஒட்டிக்கொண்டு அந்த மரத்தின் ஊசியிலைகள் உள்ளே வந்துவிடும். ஈரத்தோடு கம்பளத்துக்குள் செருகிக்கொண்டால் வாக்யூமுக்கு மசியாது. முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாகக் கையால்தான் பொறுக்க வேண்டும். விரலில் பிசின் மணம் பஸ் ஏறிய பிறகும் போகாது. திட்டியிருக்கிறேன், ஒளிக்கவில்லை. ஆனால் நோஞ்சான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இரவு பஸ்ஸுக்கு அந்தச் சதுக்கத்தில் நின்ற எங்கள் ஆட்கள் எத்தனையோ பேருக்கு இந்த நகரத்தில் கட்டணம் கேட்காத ஒரே காட்சி அந்த மரம்தான்.

நோர்வே என்றால் எங்கள் ஆட்களுக்கு அவர்கள் நடுவில் நின்று செய்த 2002 இலங்கைப் போர்நிறுத்த ஒப்பந்தம்தான் ஞாபகம் வரும், கோபமும் வரும். அது வேறு கணக்கு. அந்தக் கணக்கை மரத்தில் தீர்க்க வேண்டாம்.

இது முதல் தடவையும் இல்லை. முன்னொரு வருடம் சிட்னி மாட்டின் பிளேஸ் மரத்தைப் போட்டு ‘குளிரில் லண்டன்’ என்றீர்கள். படத்தில் இருந்தவர்கள் எல்லாம் அரைக்கைச் சட்டை! அப்போதும் எழுதினேன், பிரசுரிக்கவில்லை. பிறகு பொஸ்ரன் மரத்தை ‘கோடீஸ்வர நகரம் வாங்கிய மரம்’ என்றீர்கள். அது வாங்கியதா? 1917 மார்கழி (டிசம்பர்) 6ஆம் திகதி கனடாவின் ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் ஒன்று மோதி வெடித்து இரண்டாயிரம் பேரளவில் செத்தார்கள். ஜன்னல் கண்ணாடி சிதறிக் கண்ணை இழந்தவர்கள் எத்தனையோ பேர். அன்று இரவே பொஸ்ரனிலிருந்து மருத்துவர்களோடு ரயில் புறப்பட்டது, பனிப்புயலுக்குள் புகுந்து போய்ச் சேர்ந்தது. அந்த உதவிக்கு அடுத்த வருடம் ஹலிஃபக்ஸ் இருக்கிற நோவா ஸ்கோஷியா மாகாணம் பொஸ்ரனுக்கு மரம் அனுப்பியது. 1971இலிருந்து வருடாவருடம் அனுப்புகிறது.

முதலிடம் கொடுத்த ரொக்கஃபெல்லர் மரத்துக்காவது நியாயம் செய்தீர்களா? நட்சத்திரத்தில் முப்பது இலட்சம் ஸ்படிகம் என்று எழுதத் தெரிகிறது. 1931இல் வேலையே கிடைக்காத காலத்தில் அந்த இடத்தில் கட்டட வேலை செய்தவர்கள் கைக்காசு சேர்த்து 20 அடி மரம் வாங்கி, காகித மாலையும் தகர டப்பாவும் கொண்டு சோடித்ததில்தான் அது தொடங்கியது என்று எழுத இடமில்லை. அடுத்த பக்கத்தில் நகைக்கடை விளம்பரத்துக்கு முழுப்பக்கம் இருந்தது.

சரி, அழகுப் போட்டி நடத்துவது உங்கள் விருப்பம். நான் கேட்பது இரண்டு வரிதான். அடுத்த இதழில், எந்த மூலையிலாவது, ட்ரபல்கர் மரம் ஒஸ்லோ மக்களின் அன்பளிப்பு என்று போடுங்கள். அந்தப் படக்குறிப்பை வாபஸ் வாங்குகிறோம் என்று இன்னொரு வரி. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

அப்புறம், சந்தா கட்டியும் எனக்கு ஐப்பசி இதழ் இன்னும் வந்து சேரவில்லை. அதையும் பார்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
ஈஸ்ட்ஹாம், லண்டன்