வதந்தியும் கொலைக்களக் காதையும்

ஆசிரியருக்கு,

குழந்தை கடத்தல் வதந்திகளை நம்ப வேண்டாம் என்ற காவல் துறையின் எச்சரிக்கையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அறிவிப்பு மட்டும் போதாது. கூட்டத்தின் வெறியைக் கூட்டத்துக்கே காட்ட நாடகத்தால் முடியும். அமெரிக்க நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் எழுதி 1953-இல் மேடையேறிய ‘தி குருசிபிள்’ அதைத்தான் செய்தது. அதன் கதை உண்மையில் நடந்தது: 1692-இல் சேலத்தில் (நம் சேலம் அன்று, அமெரிக்கச் சேலம்) சூனியப் பழி சுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். சூனியம் செய்தோம் என்று ஒப்புக்கொண்டவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள், தூக்கில் மாண்டவர்கள் மறுத்தவர்களே. நம்மிடமோ சிலப்பதிகாரமே இருக்கிறது. அதன் கொலைக்களக் காதையில், ‘இவன் கள்வன் போல் இல்லையே’ என்று காவலர்கள் தயங்கிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, குடிவெறியில் இருந்த ஒருவன் கோவலன் மீது வாளை வீசிவிடுகிறான்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் போர்வை விற்க வந்த வடமாநில இளைஞரை ஒருமுறை இப்படித்தான் சூழ்ந்துகொண்டார்கள். மூட்டையை அவிழ்த்து உதறிக் காட்டியும் விடவில்லை. “யார் வீட்டுக் குழந்தையைக் காணோம்?” என்று இட்லிக்கடை அம்மா கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. வட சென்னைப் பள்ளி ஆண்டு விழாக்களிலும் ஆடித் திருவிழா மேடைகளிலும் கொலைக்களக் காட்சியை அரை மணி நேர நாடகமாகப் போட மாநகராட்சி ஏற்பாடு செய்யலாம். கோவலன் வேடத்தைவிட, தயங்கி நிற்கும் காவலர்களின் வேடத்துக்கு நல்ல நடிகர்களாகப் பார்த்துப் போட வேண்டும்.

- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை