காட்டுச் சருகை அள்ள வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழை தொடங்கிவிட்டால் உங்கள் நாளிதழில் மரக்கன்று நடும் விழாப் படங்கள் வரிசையாக வருகின்றன, எத்தனை ஆயிரம் கன்று என்ற கணக்கும் கூடவே வருகிறது. சந்தோஷம்தான். ஆனால் அந்த மரங்களுக்குச் சத்து எங்கிருந்து கிடைக்கப் போகிறது என்று யாரும் எழுதுவதில்லை.

எங்கள் வால்பாறைப் பக்கம் மழைக்காட்டின் பசுமையைப் பார்த்துவிட்டு, மண் நல்ல கொழுத்த மண் என்று நினைப்பவர்கள் நிறைய. ஆனால் இங்கே அடிக்கிற மழைக்கு மண்ணிலுள்ள சத்து கரைந்து ஓடையோடு போய்விடும். இருந்தும் காடு செழிப்பதற்குக் காரணம், உதிர்ந்த இலை மட்கிய கையோடு சத்து மறுபடி வேருக்கே போய்ச் சேர்ந்துவிடுவதுதான். நல்ல காட்டுக்குள் போய்ச் சருகைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். மேலே முழு இலை, அடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அதற்கும் கீழே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழைகள், அந்த மட்கும் இலைக்குள்ளேயே மயிரிழை மாதிரி வேர்கள் புகுந்திருக்கும்.

புதிதாக நட்ட இடத்தில் இந்தச் சுழற்சி இன்னும் உருவாகியிருக்காது. அங்கே போய்ச் சுத்தம் செய்கிறோம் என்று சருகைக் கூட்டித் தீ வைப்பதையும், விழுந்த கட்டைகளை அள்ளிக்கொண்டு போவதையும் பார்த்தால் வயிறு எரிகிறது. தீ வைத்தால் சருகிலுள்ள நைட்ரஜன் சத்து பெரும்பாலும் புகையோடு போய்விடும், மிச்சமிருக்கும் சாம்பலைச் சரிவில் முதல் பெருமழையே அடித்துக்கொண்டு போகும். நைட்ரஜனையாவது காற்றிலிருந்து பிடிக்கிற மரங்கள் இருக்கின்றன. பனாமாவில் மீண்டு வரும் காடுகளில் செய்த ஆய்வு 2013ல் வெளியானது. முதல் 12 ஆண்டு வளர்ச்சிக்குத் தேவையான நைட்ரஜனில் பெரும் பங்கை அப்படிப்பட்ட மரங்களே கொடுத்திருக்கின்றன. நம்மூர் முள்முருங்கையும் அந்த வேலையைச் செய்வதுதான், கன்றுகளைத் தேர்ந்தெடுக்கும்போது இதையெல்லாம் யோசிக்க வேண்டாமா? பாஸ்பரஸ் என்ற இன்னொரு சத்தை அப்படிக் காற்றிலிருந்து எடுக்கவும் முடியாது, பாறை கரைந்து வர எத்தனையோ காலம் ஆகும், அதனால் இருப்பதைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

பொறுமையாகச் செய்தால் பலன் உண்டு. ஆனைமலையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, தேயிலை எஸ்டேட்களுக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய காடுகளில் வெளியிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியை அகற்றி, உள்ளூர் மழைக்காட்டு மரங்களை நட்டு இருபது வருஷத்துக்கும் மேலாகப் பார்த்து வருகிறது. அப்படிக் கவனித்த இடங்களில் மரவகைகளும் மரங்களில் சேரும் கார்பனும், சும்மா விட்ட இடங்களைவிட நன்றாக மீண்டிருப்பதை 2019ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரு வேண்டுகோள். நடும் விழாவுக்கு அனுப்பும் நிருபரை, பத்து வருஷத்துக்கு முன்பு நட்ட இடத்துக்கும் ஒருமுறை அனுப்புங்கள். மரம் எத்தனை பிழைத்தது என்பதோடு, தரையில் சருகு கிடக்கிறதா, இல்லையென்றால் யார் அள்ளுகிறார்கள், ஏன் அள்ளுகிறார்கள் என்றும் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வால்பாறை