பகுதியை ஒழித்துவிட்டுக் கணக்கைத் தொடு

அன்புள்ள கயலுக்கு,

நிலவனின் நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. கூட்டல், பெருக்கல், பக்கம் மாற்றுவது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பின்னம் வந்தால் மட்டும் வழுக்குகிறான், அதுவும் இரண்டே இடங்களில். அந்த இரண்டையும் நீ பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தால் போதும்.

அவன் தவறவிட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். எக்ஸுக்குப் பதிலாக ய போடுகிறேன், கைபேசியில் எழுத்துப் பலகையை மாற்றி மாற்றித் தட்ட முடியவில்லை. (பழைய இந்தியக் கணித நூல்களில் தெரியாத எண்ணுக்கு ‘யாவத்தாவத்’ என்றுதான் பெயர், எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். ‘யா’ என்று சுருக்கி எழுதுவார்கள். நான் இன்னும் கொஞ்சம் சுருக்கிவிட்டேன்.)

(2ய + 1)/3 − (ய − 2)/4 = 5

முதல் வேலை, பகுதிகளின் (பின்னக்கோட்டுக்குக் கீழே இருப்பவற்றின்) மீ.சி.ம., அதாவது மீச்சிறு பொது மடங்கு. 3, 4 இரண்டுக்கும் அது 12. அடுத்து, கோட்டுக்கு மேலே இருக்கும் தொகுதியில் ஒன்றுக்கு மேல் உறுப்பு இருந்தால் உடனே அடைப்புக்குறி போடச் சொல். பின்னக்கோடே ஒரு அடைப்புக்குறிதான். கோடு போனதும் அடைப்பும் போய்விட்டதாகப் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு உறுப்பையும் 12 ஆல் பெருக்க வேண்டும். 12ஐ 3 ஆல் வகுத்தால் 4, 12ஐ 4 ஆல் வகுத்தால் 3:

4(2ய + 1) − 3(ய − 2) = 60
8ய + 4 − 3ய + 6 = 60
5ய + 10 = 60
5ய = 50, ய = 10

சரிபார்க்க: 21/3 = 7, 8/4 = 2, ஏழில் இரண்டு போனால் ஐந்து.

இனி அவன் செய்தது. இடப்பக்கம் முழுவதையும் 12 ஆல் பெருக்கியவன், வலப்பக்கத்து 5ஐ அப்படியே விட்டுவிட்டான். அதனால் 5ய + 10 = 5, ய = −1. அந்த −1ஐ முதல் வரியில் போட்டுப் பார்க்கச் சொல். இடப்பக்கம் −1/3 + 3/4, அதாவது 5/12. வர வேண்டியது 5, வந்தது அதில் பன்னிரண்டில் ஒன்று! பெருக்காமல் விட்ட 12 அங்கேயே வந்து நிற்கிறது. ‘தப்பு’ என்று சிவப்பு மையில் சுழிப்பதைவிட இதை அவனே கண்டுபிடிக்க விடு. பகுதி இல்லாத எண்ணுக்கு மீ.சி.ம. தேவையில்லை என்பதுதான் அவன் எண்ணம். 5 என்பதை 5/1 என்று சில நாள் எழுத வை, சரியாகிவிடும்.

இரண்டாவது இடம் கழித்தல் குறி. −3(ய − 2) என்பதை −3ய − 6 என்று விரித்திருந்தால் 5ய − 2 = 60, விடை 62/5 என்று வரும். அடைப்புக்கு முன்னால் கழித்தல் இருந்தால் உள்ளே இருக்கும் இரண்டு குறிகளும் மாறும். மனத்துக்குள் விரிக்காமல், அடைப்போடு ஒரு வரி, விரித்து ஒரு வரி என்று எழுதட்டும். ஒரு வரி மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இந்தத் தவறே வருகிறது.

ஏன் 12 ஆல் பெருக்கலாம் என்று கேட்டால், நம் பழைய பின்னக் கணக்கைச் சொல். கால், மா, மாகாணி, காணி என்று வேறுவேறு பெயரில் இருந்தால் கூட்ட முடியாது. முந்திரி 1/320. அதில் அளந்தால் கால் 80, மாகாணி 20, மா 16, காணி 4. எல்லாம் முழு எண்ணாகிவிடும். மீ.சி.ம. ஆல் பெருக்குவதும் இப்படிப் பொதுவான ஒரு சின்ன அளவுக்கு இறங்கி வருவதுதான். தராசின் இரண்டு தட்டையும் ஒரே மடங்கு பெருக்குவதால் சமம் கெடாது.

சமன்பாட்டுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. ‘ய/2 + ய/3 ஐச் சுருக்குக’ என்றால் அது சமக்குறி இல்லாத வெறும் கோவை. பெருக்கிவிட்டு மறந்துபோக அதற்கு இன்னொரு பக்கம் கிடையாது. விடை 5ய/6 தான், 5ய அல்ல. சமன்பாடு நன்றாகப் பழகிய பிள்ளைகளே இதில் பகுதியைத் தூக்கி எறிவார்கள், கவனி.

ஒரு பக்கத்துப் பகுதியால் மறுபக்கத்துத் தொகுதியைப் பெருக்கும் குறுக்குப் பெருக்கலை வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் போல, எல்லா இடத்திலும் போடுகிறான். இரண்டு பக்கமும் ஒற்றைப் பின்னமாக இருந்தால் மட்டுமே அது செல்லும். ய/2 + 1 = 5/3 இல் 3ய + 1 = 10 என்று எழுதினால் அந்த 1 ஏமாந்துபோகிறது. 6 ஆல் பெருக்கினால் 3ய + 6 = 10, ய = 4/3. என்னைக் கேட்டால், அந்தக் குறுக்குவழியைக் கொஞ்ச காலம் மறந்தே இருக்கலாம்.

பின்னத்துக்கு முன்னால் ஓர் எண்ணும் அடைப்பும் இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. 1150இல் எழுதப்பட்ட பாஸ்கரரின் லீலாவதி என்ற கணித நூலில் ஒரு வண்டுக் கணக்கு இருக்கிறது: கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலருக்கும், மூன்றில் ஒரு பங்கு வேறொரு மலருக்கும், அவற்றின் வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு இன்னொரு மலருக்கும் போயின, மிச்சம் ஒரே ஒரு வண்டு.

ய/5 + ய/3 + 3(ய/3 − ய/5) + 1 = ய

15 ஆல் பெருக்கும்போது அடைப்புள்ள உறுப்பு 3(5ய − 3ய) ஆகும், அதாவது 6ய. வெளியே இருக்கும் 3ஐ 45 ஆக்கி, உள்ளேயும் பெருக்கினால் 90ய ஆகிவிடும். அது ஒரே உறுப்பு, அதற்கு ஒரே பெருக்கல். 3ய + 5ய + 6ய + 15 = 15ய, எனவே 15 வண்டுகள். 3, 5, 6, 1 என்று பிரித்துக் கூட்டிப் பார்க்கச் சொல், அவனுக்குப் பிடிக்கும்.

ய பகுதியிலேயே வந்தால், தொடங்கும் முன்னே பகுதியைச் சுழியாக்கும் எண்ணை ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ய/(ய − 3) = 2 + 3/(ய − 3) என்பதை (ய − 3) ஆல் பெருக்கினால் ய = 2(ய − 3) + 3, அதிலிருந்து ய = 3. வழியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் 3 போட்டால் பகுதி சுழி, ஆகவே தீர்வே இல்லை. பெருக்கிய (ய − 3) அங்கே சுழியாகிவிடுகிறது; சுழியால் பெருக்கினால் எதுவும் எதற்கும் சமமாகும்.

ஞாயிற்றுக்கிழமை இந்த மூன்றையும் கொடு:

ய/6 − ய/8 = 1
(3ய − 1)/2 − (ய + 3)/5 = 8
4/(ய − 5) = (ய − 1)/(ய − 5)

முதலாவதற்கு 48 ஆல் பெருக்கினாலும் திட்டாதே. விடை மாறாது, எண்தான் பெரிதாகும். விடைகள் 24, 7, கடைசிக்குத் தீர்வு இல்லை. அவன் கண்ணில் படுவதற்குள் இந்தக் கடைசிப் பத்தியை அழித்துவிடு.

அன்புடன்,
அப்பா