இமையில் குத்திய குச்சியைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண் காயங்களுக்கான முதலுதவி பற்றித் தங்கள் இதழில் வந்த குறிப்பு பயனுள்ளது. ஆனால் பென்சில், குச்சி, குடைக்கம்பி மேல் இமையில் குத்தும் காயத்தைத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கண்குழியின் கூரை எலும்பு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதற்கு நேர் மேலே மூளையின் முன்பகுதி. கையில் பென்சிலோடு ஓடும் பிள்ளை தடுக்கி விழும் வேகமே அந்த எலும்பைத் துளைக்கப் போதும். கொழுப்பில் பொதிந்த விழி உருண்டை விலகிக்கொடுத்துத் தப்பிவிடும். பார்வையும் நன்றாக இருக்கும். வெளியே தெரிவது அரை சென்டிமீட்டர் கிழிசல். "கண்ணு தெரியுதுல்ல, ஒண்ணுமில்ல" என்று தையல் போட்டு அனுப்பிவிடுவதுதான் பெரிய ஆபத்து. வாந்தி, அரைத்தூக்கம், இமை தொங்குவது, மூக்கிலோ காயத்திலோ தண்ணீராக ஒழுகுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே சி.டி. ஸ்கேன் வேண்டும். ஆழம் தெரியாத குத்துக்காயம் என்றால் இவை எதுவும் இல்லாவிட்டாலும் வேண்டும்.

எக்ஸ்ரேயில் மரம் பெரும்பாலும் தெரியாது. சி.டி.யிலும் காய்ந்த குச்சி காற்றைப் போலக் கறுப்பாகவே விழும். நேர்கோடாக நிற்கும் "காற்றை" ரேடியாலஜி மருத்துவர் நம்பக் கூடாது. படத்தின் கறுப்பு வெளுப்பு வரம்பை, அதாவது விண்டோவை, அகலப்படுத்திப் பார்த்தால் மரம் பிரிந்து தெரியும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். உள்ளே இரும்பு இல்லை என்று உறுதியான பிறகுதான். இருந்தால் காந்தம் அதை நகர்த்திவிடும்.

குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் தொடாதீர்கள். கிழிந்த இரத்தக்குழாயை அதே குச்சி அடைத்துக்கொண்டிருக்கலாம். சுற்றிலும் துணிச்சுருள் வைத்து அசையாமல் பிளாஸ்திரி ஒட்டுங்கள், கண்ணை அழுத்தாதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும், ஆகவே தண்ணீர்கூட வேண்டாம். 108-ஐ அழையுங்கள். பெங்களூரில் கண் மருத்துவமனையான மின்டோவா, மூளை நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸா என்ற குழப்பம் வரும். மூளை அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கே முதலில் போங்கள், கண் மருத்துவரை அங்கே வரவழைக்கலாம்.

டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் உடனே தொடங்க வேண்டும். இரத்தக்குழாய்களை ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்த பிறகே ஆபரேஷன் தியேட்டரில் குச்சியை எடுப்பார்கள். மரத்துணுக்கு தங்கிவிட்டால் வாரங்கள், மாதங்கள் கழித்தும் மூளையில் சீழ் கட்டும். தமனிச் சுவரில் பட்ட காயமும் முதல் ஆஞ்சியோகிராமில் தெரியாமல் பின்னால் பலூன் போல வீங்கி வெடிக்கலாம். அதனால் பிள்ளை ஓடியாடி விளையாடினாலும், ஓரிரு வாரத்தில் மறுபடி எடுக்கச் சொல்லும் ஆஞ்சியோகிராமைத் தவிர்க்காதீர்கள். கண் சிவந்து முன்தள்ளினாலோ, காதுக்குள் நாடித்துடிப்போடு 'உஷ் உஷ்' என்று கேட்டாலோ அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

நரம்பியல் அறுவை மருத்துவர்,
அல்சூர், பெங்களூரு