அம்மாவின் முழங்காலைக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்

சான் ஓசே, ஃப்ரீமாண்ட் பக்கம் குடியேறிவிட்ட பெரம்பூர், ராயபுரம், தண்டையார்பேட்டைப் பிள்ளைகளுக்கு,

வணக்கம். கோடையில் அப்பா அம்மா வந்து இறங்கியதும் நீங்கள் போடும் பட்டியலில், கலிஃபோர்னியாக் கடலோர மலைமேல் நிற்கும் பழைய மாளிகையான ஹர்ஸ்ட் கேஸில் இருக்கும். தாராளமாகக் கூட்டிப் போங்கள். காலையில் கிளம்பி ராத்திரியே திரும்புகிற கதை மட்டும் வேண்டாம். போகவே சுமார் 200 மைல். கடலோர 1-ஆம் நெடுஞ்சாலை அழகுதான். ஆனால் பிக் சர் என்ற மலைப்பகுதி வளைவுகளில் வயிற்றைப் புரட்டும், மண் சரிந்தால் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். 101-ஆம் நெடுஞ்சாலையில் பாசோ ரோபிள்ஸ் ஊர் வரை போய், 46-ஆம் சாலையில் திரும்பி, கேம்ப்ரியா என்ற சிற்றூர் வழியாக வாருங்கள். அங்கேயே ஓர் இரவு தங்கலாம்.

மலைக்கு உங்கள் கார் போகாது. அடிவாரத்தில் உள்ள பார்வையாளர் மையத்தில் நிறுத்திவிட்டு, மாளிகையின் பேருந்தில் சுமார் 15 நிமிடம். டிக்கெட்டில் இருக்கும் நேரம் பேருந்து கிளம்பும் நேரம் என்பதால் அரை மணி முன்னதாக அங்கே இருங்கள்.

மாளிகையை வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கப் பல சுற்றுகள் உண்டு; எந்தச் சுற்று என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்குக் கீழ்த்தளப் பெரிய அறைகள் சுற்றே சரி. அதற்கே 150 படிக்கு மேல். மாடி அறைகள் சுற்றில் 300-ஐத் தாண்டும். திருத்தணியின் 365 படி ஞாபகம் இருக்கிறதல்லவா, கிட்டத்தட்ட அதுதான். நடுவில் மூச்சு வாங்கினாலும் வழிகாட்டியை விட்டுப் பிரிந்து உட்கார முடியாது. படியே ஏற முடியாதவர்களுக்கெனத் தனிச் சுற்று உண்டு. அதை முன்பதிவின்போதே கேட்டு வாங்க வேண்டும், வாசலில் போய்க் கேட்டால் நடக்காது.

மேலே தண்ணீர் தவிர எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் கீழேயே சாப்பிட்டுவிட வேண்டும். எதிரே சாலையைத் தாண்டினால் ஹர்ஸ்ட் பெயரிலேயே ஒரு கடற்கரை, உட்கார்ந்து சாப்பிட மேசைகளோடு. புளிசாதத்தை அங்கே பிரியுங்கள்.

பத்திரிகை அதிபர் ஹர்ஸ்ட் 1919-இல் தொடங்கி 1947 வரை கட்டிக்கொண்டே இருந்த வீடு இது. கட்டடக்கலைஞர் ஜூலியா மார்கன். மொத்தம் 165 அறைகள். அரண்மனை போன்ற சாப்பாட்டுக் கூடத்து நீள மேசையில் தக்காளி சாஸ் புட்டி புட்டியாகவே நிற்கும், அப்பாவுக்குக் காட்டுங்கள், சிரிப்பார். மூன்று முறை மாற்றிக் கட்டிய நெப்டியூன் குளம் 3,45,000 காலன் பிடிக்கும். நம்மூர்க் கணக்கில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நூற்றுக்கு மேல்! கசிவால் 2014-இல் வற்றவிட்டு, பழுதுபார்த்து, 2018-இல்தான் மறுபடி நிரப்பினார்கள்.

வழிகாட்டி விடைபெற்றதும் ஓடிவந்து பேருந்து பிடிக்காதீர்கள். தோட்டத்திலும் குளக்கரையிலும் நீங்களாகவே சுற்றலாம். கீழே பனிமூட்டமாக இருக்கும் நாளில் மேலே வெயில் கொளுத்தும், அதனால் தொப்பியும் ஸ்வெட்டரும் இரண்டும் வேண்டும்.

திரும்புமுன் வடக்கே சில மைல் தள்ளி பியட்ராஸ் பிளாங்காஸில் யானை சீல் என்னும் பெரிய கடல் விலங்குகள் மணலில் கிடக்கும். பார்க்கக் காசில்லை. காற்று மட்டும் காசிமேட்டுக் காற்றைவிடக் குளிர், அம்மா காதை மூடிக்கொள்ள ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
ஊரிலிருந்து, அந்த மலையை நன்றாக அறிந்தவர்கள்